கம்பிக்கு இரண்டு முனை

எங்கள் மின்வாரியச் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் பல முறை போன் செய்துவிட்டார். நான் பிடி கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பது, கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பந்தி பார்க்கச் சொல்வது மாதிரி. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் அவரே விஷயத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

"இப்போ எந்த மாடியைப் பார்த்தாலும் சோலார் ஏறிக்கினு இருக்குது. நம்ம ஆளுங்களுக்குக் கரண்ட் எங்கேருந்து வருதுன்னே தெரியாம பேஜாரா இருக்குது. நீங்க அந்த ஹோம்ல நடந்ததை எழுதுங்களேன்" என்றார். அதற்குப் பிறகு மறுக்க மனம் வரவில்லை.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம். ஐ.டி.ஐ. முடித்தேன், கம்பம் நடக் குழி தோண்டினேன், ஹெல்ப்பர் ஆனேன், வயர்மேன் ஆனேன், கல்யாணம் ஆயிற்று, லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன். அதில் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு நான் முதலிலிருந்து கடைசி வரை 'கரண்டுக்காரர்'தான். கரண்ட் இருக்கும்போது எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. போய்விட்டால் எங்கள் அப்பா அம்மா வரைக்கும் நினைப்பார்கள்.

என் கடைசி வருடங்களில் எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர் கலைச்செல்வி மேடம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாஸ்கர் மாதிரி இளவட்ட லைன்மேனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த 'நீங்க'வுக்குள் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி வேலை நடந்துவிடும். "லைன் ஆஃப் பண்ணியாச்சு மேடம்" என்றால், "சரி, நீங்க பார்த்தீங்களா?" என்பார். "ஆபரேட்டர் சொன்னாரு மேடம்" என்றால், "அவர் சொன்னார். நீங்க பார்த்தீங்களா?" அதே வார்த்தை, அதே குரல். பார்த்துவிட்டு வந்து சொல்கிறவரை அந்தக் கேள்வி மாறாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கியதும் அவற்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். பேப்பரில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். ஆள் கம்பத்திலிருந்து இறங்காமல் பை திறக்காது. அவசரக்காரன் எவனாவது லைனைப் போட்டுவிடுவானோ என்ற பயம் அதனால் எங்களுக்கு இருந்ததில்லை. "மேடம், கட்டையில இருக்கிற கிரீஸ் எல்லாம் தயிர்சாதத்துல எறங்கிடப் போவுது" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "இறங்கினா நான்தானே சாப்பிடறேன், விடுங்க" என்றார்.

மூன்றாவது பழக்கம்தான் எங்களை எரிச்சல்படுத்தியது. அறுந்த கம்பியாக இருந்தால் இரண்டு பக்கமும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கரண்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறது, வீட்டுக்குப் போகிறது. இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். வருகிற பக்கம் செத்திருந்தால் போகிற பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது? எல்லோரும் வருகிற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கை வைத்துவிடுவோம். மேடம் விடமாட்டார். "கம்பிக்கு ரெண்டு முனை இருக்குல்ல?" என்பார். 'ரெண்டு முனை மேடம்' என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டோம். பெயரைச் சூட்டியது நான்தான் என்பது அவருக்கும் தெரியும்.

சரி, ஹோமுக்கு வருகிறேன். விக்கிரவாண்டியைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மல்லாட்டைக் கொல்லைகளுக்கு, அதாவது நிலக்கடலை வயல்களுக்கு, நடுவில் ஒரு தர்ம இல்லம். முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். பாதிப் பேரை அனுப்பி வைத்தது அந்த நெடுஞ்சாலைதான். பைக்கில் போனவர்கள், லாரியில் கிளீனராக இருந்தவர்கள். மற்றவர்கள் பனைமரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவர்கள். பொறுப்பாளர் மல்லிகா அம்மா. அந்த இடத்தில் சமையல், சண்டை, சமாதானம் எல்லாம் அவர்தான்.

அங்கே முக்கியமான சாமான் காற்று மெத்தை. கட்டிலின் கால்மாட்டில் சின்ன மோட்டார் ஒன்று தொங்கும். அது மெத்தையின் அறைகளுக்கு மாற்றி மாற்றிக் காற்று ஏற்றும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமல் இருப்பதற்காக. மோட்டார் நின்றால் மெத்தை இறங்கிவிடும். உணர்வில்லாத உடம்புக்கு வலி தெரியாது. முதுகில் புண் வந்துவிட்டது என்பது, புடவையிலோ துண்டிலோ ஈரம் பட்ட பிறகுதான் பார்ப்பவர்களுக்கே தெரியும். அப்படி வந்த புண்ணில் சீழ் பிடித்து முந்தின வருடம் ஒருவர் இறந்துபோயிருந்தார். அதிலிருந்து மின்வெட்டு என்றாலே மல்லிகா அம்மா கட்டில் கட்டிலாக ஓடுவார்.

யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து அந்தக் கட்டடத்துக்குச் சோலார் போட்டுக் கொடுக்க முன்வந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். சூரியன் கொடுத்தாலும் நாங்கள் போய்ப் பார்த்து, போகவும் வரவும் கணக்கெடுக்கிற மீட்டரை மாட்டினால்தான் வேலை முடியும். அதனால் தகடுகள் ஏறும்போதே மேடமும் நானும் போய்ப் பார்த்தோம்.

பழைய மாடி. ஓட்டை போட்டால் ஒழுகும் என்று, சோலார்க்காரர்கள் சிமெண்ட் கட்டைகளை வார்த்து அவற்றின் மேல் இரும்புச் சட்டங்களை நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடிச் சுவரில் சாக்கை மடித்துப் போட்டு, தகடுகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இழுத்தார்கள். கீழே புங்கமரத்தடியில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தகடும் சுவரைத் தாண்டியதும் ஒரு கைதட்டல், ஒரு விசில். தேர் நிலைக்கு வந்த மாதிரி ஆரவாரம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு வரிசையை வைத்திருந்தார்கள். "ஏன்பா, சோலாருக்கும் குடை புடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போடும்போது நாற்காலிகளிலிருந்து ஒரு குரல் வந்தது. "மரக்காணத்து உப்பா போடுங்க, எங்க ஊரு உப்புதான் நல்லா புடிக்கும்."

எல்லாம் முடிந்து மீட்டரையும் மாட்டிய பிறகு மேடம் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். தகடுகளின் கரண்டை வாங்கி வீட்டுக்கு விடுகிற சோலார் பெட்டி சுவரில் இருந்தது, அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். மேடம் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன்கள் நின்றன. அதுகூடப் பரவாயில்லை, பச்சை விளக்கும் அணைந்துவிட்டது.

மல்லிகா அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மேடம் இது? கரண்ட் போனா இதுவும் போயிடுமா? வெயில் காயுதே! மெத்தைங்க ஓடும்னுதானே நாங்க சந்தோஷப்பட்டுக்கினு இருந்தோம்?"

"லைன்ல கரண்ட் இல்லைன்னா இதுவும் நின்னுடணும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்றார் மேடம். "நிக்கலைன்னா உங்க மாடியில உற்பத்தியாகிறது லைனுக்குள்ள போகும். ரிப்பேர் பண்ண ஒருத்தர் கம்பத்துல ஏறியிருப்பார்."

"கரெக்ட்டு! அதான் நல்ல மிஷினு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்படித்தான் ஏழுமலையைத் தெரியும். கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர். தோளும் கையும் கடா மாதிரி இருக்கும், கால்கள் மட்டும் போர்வைக்குள் குச்சியாகக் கிடக்கும். நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு காலத்தில் எங்களோடு ஒப்பந்தக் கூலியாகக் கம்பத்தில் ஏறியவர்தானாம்.

"லைன் ஆஃபுன்னு சொல்லித்தான் ஏறினேன் சார். டிரான்ஸ்பார்மர்ல கட்டையைப் புடுங்கி என் கண்ணெதிர்லதான் வெச்சாங்க. கீழ ஒரு கடையில ஜெனரேட்டரைப் போட்டுட்டான். மெயினை எறக்காம போட்டுட்டான். அவன் ஐஸ் உருகக் கூடாதுன்னு போட்டான், பாவம், அவனுக்கு இன்னா தெரியும்? கையை வெச்சேன், தூக்கி எறிஞ்சிடுச்சி. முழிச்சிப் பார்த்தா காலைக் காணோம்."

காலைக் காணோம் என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெயினை ஏற்றி, பெட்டி மறுபடியும் உயிர் பெற எவ்வளவு நேரமாகிறது என்று காட்டினார். "இன்னொரு வாட்டி எறக்குங்க மேடம்" என்றார் ஏழுமலை. இறக்கினார். விளக்கு அணைந்தது. "இன்னொரு வாட்டி." சின்னப்பிள்ளை பட்டாசைப் பார்க்கிற மாதிரி அவர் அந்த விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மேடம், "இங்க ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருந்திச்சி மேடம். ரிப்பேராகி மாடிப்படிக்குக் கீழ கெடக்குது. சோலார்தான் வந்துடிச்சே, காயலான் கடைக்குப் போட்றலாம்னு இருக்கேன்" என்றார் மல்லிகா அம்மா.

"போடறதுன்னா போட்டுடுங்க. ரிப்பேர் பண்ணினீங்கன்னா ஓட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் வைக்கணும்."

"கட்டாயம் மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை, அப்போது மனதார அப்படித்தான் சொன்னார்.

கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. மழை கொஞ்சம்தான், காற்றுதான் பேயாக அடித்தது. எங்கள் பிரிவில் எத்தனையோ இடத்தில் கம்பம் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்து, அந்த ஹோமுக்குப் போகிற லைனுக்கு வரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. அந்த லைன் கிராமத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரிந்து, மல்லாட்டைக் கொல்லை வழியாகப் போய் ஹோமோடு முடிந்துவிடும். நடுவில் வேறு வீடு கிடையாது. வேப்பமரத்துக் கிளை ஒன்று விழுந்து கொல்லையின் நடுவில் கம்பி அறுந்திருந்தது. டிரான்ஸ்பார்மர் பக்கத்து முனை தரையில் கிடந்தது. ஹோம் பக்கத்து முனை கம்பத்திலிருந்து இறங்கி, வெட்டிப்போட்ட பனைமட்டைக் குவியலுக்கு மேலே, ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது.

மேடம் டிரான்ஸ்பார்மரில் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நானும் பாஸ்கரும் கொல்லைக்குள் இறங்கினோம். பாஸ்கர் நல்ல வேலைக்காரன், ஆனால் வாயைத் திறந்தால் ஜல்திதான். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து ஒரு டீயோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த முனையில் டெஸ்டரை வைத்தான். அது கரண்ட் இருந்தால் சிவப்பாக எரிந்து கீச்சென்று கத்தும். கத்தவில்லை. டெஸ்டரை என்னிடம் நீட்டிவிட்டு, தொங்குகிற முனையை நோக்கி நடந்தான்.

"பாஸ்கர், அந்தப் பக்கம் பார்த்தாச்சா?" என்று வரப்பிலிருந்து மேடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் ஹோம் மட்டுந்தான் மேடம். அங்கேருந்து இன்னா வரப்போவுது? ஜல்தியா கட்டிட்டுப் போனா இன்னும் நாலு எடம் பாக்கலாம்."

"ஒண்ணும் வரலைன்னா டெஸ்டர் சும்மா இருக்கும். வெச்சுப் பாருங்க."

"சோலார்தான் தானா நின்னுடுமே மேடம், நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னேன். நீங்க பார்த்தீங்களா?"

பாஸ்கர் என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் இருந்தது எனக்கும் இருந்தது. வெயில், பசி, இதில் இந்த அம்மா வேறு. டெஸ்டர் என் கையில் இருந்ததால் நானே போனேன். பனைமட்டையை மிதித்துக்கொண்டு நின்று, டெஸ்டர் மாட்டிய கழியை நீட்டி, தொங்குகிற கம்பியில் வைத்தேன்.

கீச்சென்று கத்தியது.

கழியை எடுத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் கத்தியது, சிவப்பாக எரிந்தது. பாஸ்கர் அந்தக் கம்பியிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றான். அவனுக்குக் கையுறைகூட இடுப்பில்தான் தொங்கியது. அவன் அப்படியே பின்னால் நடந்து வரப்பில் போய் உட்கார்ந்தான். முப்பது வருடத்துக்கு மேல் கம்பத்தோடு இருந்தவன் நான், அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் அறிந்ததில்லை. மேடம் மட்டும் அதே குரலில், "யாரும் கிட்டப் போகாதீங்க. ஹோமுக்குப் போகலாம்" என்றார். அவர் முகம் மட்டும் வெளிறியிருந்தது.

பாஸ்கரைக் கம்பிக்குக் காவலாக நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் ஹோமுக்கு நடந்தோம். வாசலுக்கு முன்பே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. மல்லிகா அம்மா சந்தோஷமாக ஓடி வந்தார். "வாங்க மேடம், வாங்க சார்! கரண்ட் விட்டாச்சா? ராத்திரி பூரா நாங்க பட்ட பாடு இருக்குதே! ஒவ்வொருத்தரையா கையாலயே பெரட்டிப் பெரட்டிப் படுக்க வெச்சோம். காலையில விக்கிரவாண்டியிலேருந்து ஒரு லாரி மெக்கானிக்கைக் கூட்டியாந்து இந்த மிஷினைக் கெளப்பிட்டேன். எல்லா மெத்தையும் ஓடுது பாருங்க!"

மேடம் நேரே மெயின் சுவிட்சுக்குப் போனார். அது ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'மெயினை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.' நாங்கள் மீட்டர் மாட்டிப் போன பிறகு ஒருநாள் யாரோ மெயினை இறக்கி வைத்துவிட, நாள்கணக்கில் சோலார் ஓடாமல் கிடந்ததாம். சோலார்க்காரர்கள் வந்து திட்டிவிட்டு ஒட்டிப் போனது அது. சமையலறைச் சுவரில் ஜெனரேட்டர் வயர். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர், ஒரு பக்கம் ஜெனரேட்டரில், மறுபக்கம் சுவரில்.

விஷயம் இவ்வளவுதான். முன்பெல்லாம் மல்லிகா அம்மா மெயினை இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரைச் செருகுவார், ஒருநாளும் தவறியதில்லை. சோலார் வந்த பிறகு மெயினை அணைக்கக் கூடாது என்று படித்தவர்கள் எழுதி ஒட்டிவிட்டார்கள். அவர் அதற்கும் கட்டுப்பட்டார். ஜெனரேட்டர் கரண்ட் வீட்டுக்குள் சுற்றியதும், சோலார் பெட்டி அதை லைன் கரண்ட் என்று நம்பித் தானும் விழித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து மெயின் வழியாக வெளியே போய், கொல்லையில் பாஸ்கருக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

மேடம் மெயினை இறக்கினார். சோலார் பெட்டியையும் அணைத்தார். மெயினிலிருந்த ஃப்யூஸ் கட்டைகளும் கைப்பைக்குள் போயின. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, மெத்தைகளும் ஓடின. இப்போது கரண்ட் வீட்டைத் தாண்டாது. அதன் பிறகுதான் கொல்லையில் என்ன நடந்தது என்று சொன்னார். குற்றம் சாட்டுகிற ஒரு சொல் அதில் இல்லை. மல்லிகா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ மேடம், கூடாதுன்னு போட்டிருந்துதே… நான் எறக்கியிருப்பேனே… எப்பவும் எறக்குவேனே…" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கூடத்தில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. நாங்கள் பேசியது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. ஏழுமலை படுத்திருந்தார். கையை ஊன்றி எழுந்து, "யாரு தொடப் போனது?" என்று கேட்டார்.

"பாஸ்கர்" என்றேன்.

"தொட்டானா?"

"தொடல. மேடம் தடுத்துட்டாங்க."

"என் மெத்தை ஓடுது. அதே கரண்டா அங்க போச்சி?"

ஆமாம் என்றேன். ஏழுமலை கட்டிலின் பக்கவாட்டில் சாய்ந்து, கையை நீட்டித் தன் மெத்தையின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். மெத்தை மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"ஏழுமலை, இப்போ ஒண்ணும் ஆபத்தில்ல. மெயினை எறக்கியாச்சு. மாட்டுங்க" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். இந்தக் கரண்ட்டுல நான் படுக்க மாட்டேன். அந்தக் கடைக்காரனை எத்தினி வருஷமா திட்டிக்கினு கெடந்தேன் தெரியுமா? இன்னிக்கு நானே அந்தக் கடையில படுத்துக்கினு இருக்கேன்."

யாராலும் அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. கீழே உட்கார்ந்திருந்த மல்லிகா அம்மா எழுந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரவெல்லாம் செய்ததையே மறுபடி செய்தார். ஏழுமலையைக் கையால் ஒருபக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

மேடத்துக்கு அப்போது இருந்த சங்கடத்தை எங்கள் ஆட்கள் புரிந்துகொள்வார்கள். கம்பியைக் கட்டி லைனை உயிர்ப்பிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் இப்படி ஒரு வீட்டுக்கு மறுபடி சப்ளை கொடுத்தால், அடுத்த காற்றில் இன்னொருவன் கை வைப்பான். கொடுக்காவிட்டால் ஓட்டை ஜெனரேட்டர் எத்தனை நாள் ஓடும்? அது நின்றால் அத்தனை முதுகுகளும் புண்ணாகும். இணைப்பை வெட்டிவிட்டு ஊருக்குப் போகிற அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், கெஞ்சலுக்கு இரங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டையைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மேடம் சோலார்க்காரர்களுக்குப் போன் போட்டார். ஜெனரேட்டர், லைன் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திண்டிவனத்திலிருந்து வாங்கிக்கொண்டு உடனே வரச் சொன்னார். "நாளைக்கு வரோம் மேடம்" என்றார்கள் போலிருக்கிறது. "உங்க காகிதத்தாலதான் இன்னிக்கு எங்க ஆள் சாகப் பார்த்தார். நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன், வாங்க" என்றார், குரலை உயர்த்தாமல். சாப்பாட்டு நேரம் கழிந்து வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டு பக்கப் பிளக் வயரை மேடம் தன் கையாலேயே வெட்டிப்போட்டார். சுவிட்சின் கைப்பிடி மேலே இருந்தால் லைன், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் சேர்ந்து ஓட வழியே இல்லை. லைன் அறுந்து, கைப்பிடி கீழே இருந்தால் சோலார் பெட்டிக்கும் உயிர் கிடையாது. சிவப்புக் காகிதம் கிழிந்து குப்பைக்குப் போனது.

"கைப்பிடிக்கு ஒரு பூட்டும் போடுங்க. சாவி மல்லிகா அம்மாகிட்ட இருக்கட்டும்" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். இனிமே அதைத் தொடவே எனக்குப் பயமா இருக்குது" என்று அவர் பின்வாங்கினார்.

"எங்கிட்ட குடுங்க" என்றார் ஏழுமலை.

நாற்காலியில் ஏறி வந்திருந்தார். மேடம் சுவிட்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஆள் உயரத்தில் மாட்டியிருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில் மறுபடி மாட்டச் சொன்னார். சோலார்க்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், ஆனால் மாட்டினார்கள். ஏழுமலை கைப்பிடியைக் கீழே இறக்கிப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டார். மேடம் வீட்டு மெயினுக்குக் கட்டைகளைத் திருப்பிப் போட்டார். நாங்கள் கொல்லைக்குப் போனோம். இந்த முறை யாரும் சொல்லாமலே பாஸ்கர் இரண்டு முனையிலும் டெஸ்டரை வைத்தான். கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினான்.

இன்றைக்கும் அந்த லைனில் கை வைக்கப் போகிறவர்கள் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், கைப்பிடியை இறக்கிப் பூட்டச் சொல்லி ஏழுமலைக்கு ஒரு போன் போடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு அது. மேடம் விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும், நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அதற்கெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பொழுது சாயும்போது கம்பியைக் கட்டி முடித்தோம். பாஸ்கர் இறங்கினான். மேடம் பையைத் திறந்து டிரான்ஸ்பார்மரில் கட்டைகளைப் போட்டார். கிராமத்தில் விளக்குகள் எரிந்தன, கோயில் மைக் பாடத் தொடங்கியது. ஹோமில் மட்டும் ஜெனரேட்டர் சத்தம் நிற்கவில்லை. மல்லிகா அம்மா போன் செய்தார். "சார், கரண்ட் வந்துடிச்சி. ஆனா ஏழுமலை கைப்பிடியைத் திருப்ப மாட்டேங்குறான். அவன் மெத்தையும் இன்னும் எறங்கியேதான் இருக்குது. ஏறினவன் என் எதிர்ல வந்து நின்னாத்தான் திருப்புவேன்னு ஒக்காந்துகினு இருக்கான்."

"எறங்கிட்டேன்னு போன்லயே சொல்லிடறேன் அண்ணே, ஜல்தியா வூட்டுக்குப் போவலாம்" என்றான் பாஸ்கர். "வாடா" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கைப்பிடியின் மேல் இருந்தது. பாஸ்கர் அவர் எதிரில் போய் நின்றான். அவர் அவனைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து காலில் நிறுத்தினார்.

"ஷூவைக் கழட்டு" என்றார்.

பாஸ்கர் ஒன்றும் புரியாமல் சேறு அப்பிய ஷூக்களைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தரையில் நின்றான்.

"வெரலை அசை."

மாதாமாதம் டாக்டர்கள் வந்து ஏழுமலையிடம் கேட்கிற கேள்வி அது. பாஸ்கர் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு பத்து விரல்களையும் மடக்கி விரித்து அசைத்தான். ஏழுமலை அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியைப் போட்டுக் கைப்பிடியை மேலே திருப்பினார்.